நகையை அடகு வைக்க வேண்டாம்: இசிஇ மாணவிக்கு ஏற்ற மடிக்கணினி எது?

கேள்வி: கலந்தாய்வில் எனக்குத் திருநெல்வேலியில் உள்ள பொறியியல் கல்லூரியில் பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் (இசிஇ) பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா விசைத்தறித் தொழிலாளி. ஊரில் உள்ள கடையில் 35,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் காட்டுகிறார்கள். பெங்களூருவில் மென்பொருள் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், "மலிவானது இரண்டு வருடத்தில் படுத்துவிடும். மேக்புக் ஏர் வாங்கினால் வேலைக்குப் போகும்வரை கவலை இல்லை" என்கிறார். அதன் விலையோ ஒரு லட்சத்தைத் தொடுகிறது. அம்மாவின் நகையை வங்கியில் வைத்தாவது நல்லதாக வாங்கித் தருவதாக அப்பா சொல்கிறார். விடுதியில் மற்றவர்கள் உயர்ந்த லேப்டாப் வைத்திருக்கும்போது, நான் மட்டும் மலிவானதோடு போனால் படிப்பில் பின்தங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எதை வாங்கட்டும்?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அன்புள்ள மாணவிக்கு, கலந்தாய்வில் விரும்பிய பிரிவு கிடைத்ததற்கு வாழ்த்துகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைக்க வேண்டாம். உங்கள் பிரிவுக்கு மேக்புக் வேண்டாம். கடையில் காட்டிய 35,000 ரூபாய்க் கணினியையும் அதன் உள்விவரத்தைப் படிக்காமல் எடுத்துவிட வேண்டாம். சுமார் 50,000 ரூபாயில், பின்னாளில் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) கூட்டிக்கொள்ள இடமுள்ள ஒரு விண்டோஸ் மடிக்கணினி உங்கள் நான்கு ஆண்டுகளுக்குப் போதும். அதையும் கல்லூரியில் சேரும் நாளுக்குள் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

அண்ணன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2020 நவம்பரில் வெளியான எம்1 மேக்புக் ஏருக்கு 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26 பதிப்பும் கிடைத்தது. ஐந்து ஆண்டு கழித்தும் அன்றாட வேலைகளுக்குத் தடுமாறாத கணினி அது. 2025 மார்ச்சில் வந்த எம்4 மேக்புக் ஏர் 16 ஜிபி ரேமுடன் 99,900 ரூபாயிலும், மாணவர் சலுகையில் 89,900 ரூபாயிலும் தொடங்கியது. எடை 1.24 கிலோதான், பேட்டரி ஒரு நாள் வகுப்புக்குத் தாராளமாக வரும். மென்பொருள் எழுதும் அண்ணனின் வேலைக்கு அது மிகவும் பொருத்தமான கருவி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் உங்கள் பாடத்திட்டம் அவருடைய வேலை அல்லவே. மைக்ரோகண்ட்ரோலர் ஆய்வகத்தில் பயன்படும் கெய்ல் யுவிஷன், சுற்றுகளை வரைந்து இயக்கிப் பார்க்கும் புரோட்டியஸ் ஆகியவை விண்டோசுக்கென எழுதப்பட்டவை. விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) பாடத்தில் எஃப்பிஜிஏ (உட்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய சிப்) பலகைக்கு நிரல் ஏற்ற உதவும் விவாடோ, விண்டோசிலும் லினக்சிலும் மட்டுமே நிறுவக்கூடியது. மேட்லேப், எல்டிஸ்பைஸ் போன்ற மென்பொருள்கள் மேக்கிலும் ஓடும் என்பது உண்மையே. மேக்கிற்குள் மெய்நிகர் முறையில் விண்டோசை ஓட்டவும் வழி உண்டு. ஆனால் அது மேக்கின் சிப்புக்கு ஏற்ற ஏஆர்எம் வகை விண்டோஸ் என்பதால், ஆய்வகப் பலகையை யுஎஸ்பி வழியாக இணைக்கும்போது அதற்கான டிரைவர் (பலகையைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) வேலை செய்யும் என்று நம்பி உட்கார முடியாது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவில் அந்தச் சிக்கலோடு நீங்கள் போராடக் கூடாது. அண்ணனிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். தம் தங்கையின் பாடம் எது என்று தெரிந்தால் அவரே ஒத்துக்கொள்வார்.

இனி 35,000 ரூபாய் கணினிக்கு வருகிறேன். "மலிவானது இரண்டு வருடத்தில் படுத்துவிடும்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், அந்த விலைக்குள் கொண்டுவருவதற்காக நிறுவனங்கள் எவற்றைக் குறைக்கின்றன என்பதிலிருந்துதான். ஒன்று, ரேம். இந்த விலையில் வரும் பல கணினிகளில் 8 ஜிபி ரேம் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். கூடுதலாகச் செருக இடமே இராது. விண்டோஸ் 11, பிரவுசரில் பத்துத் தாவல்கள், ஒரு பிடிஎஃப் பாடநூல் என்று திறந்துவைத்தாலே 8 ஜிபியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மூன்றாம் ஆண்டில் விவாடோவைத் திறக்கும்போது கணினி திணறும். அப்போது ரேமைக் கூட்ட முடிந்தால் செலவு சில ஆயிரங்களோடு முடியும். முடியாவிட்டால் கணினியையே மாற்ற நேரும். ஆகவே இன்று எத்தனை ஜிபி என்பதைவிட, நாளை கூட்ட முடியுமா என்ற கேள்விதான் உங்களுக்கு முதன்மையானது. கடையில் இருக்கும் மாதிரிக் கணினியிலேயே இதைச் சோதிக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். அங்கே "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற வரியில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ரேம் பற்றவைக்கப்பட்டது என்று பொருள். "எஸ்ஓடிம்" என்று இருந்தால் கழற்றி மாற்றக்கூடியது. சில கணினிகளில் பாதி பற்றவைத்ததாகவும் ஒரு செருகிடம் காலியாகவும் இருக்கும், அதுவும் நல்லதே. மாடல் எண்ணைக் குறித்துவந்து, நிறுவனத்தின் இணையதளத்தில் அதிகபட்ச ரேம் எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, பிராசசர். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் முதல் இலக்கம் சந்தைக்கு வந்த ஆண்டைத்தான் குறிக்கிறது. உள்ளிருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாம் இலக்கம். ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாம் இலக்கம் 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர்கள் (கணக்கிடும் மையங்கள்). ரைசன் 5 7530யு என்பதிலோ அது 3. ஜென் 3 வடிவமைப்பு, 6 கோர்கள். இரண்டும் "ரைசன் 5" என்ற ஒரே பெயரில், அடுத்தடுத்த மேசையில் இருக்கும். தவிர, 7520யு பொருத்திய கணினிகளில் ரேம் பற்றவைக்கப்பட்டே வரும். இன்டெலில் என்றால் செலரான் 'என்' (N) வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். ஐ3-1215யு முதலாண்டுக்குப் போதுமானது. 12 அல்லது 13-ஆம் தலைமுறை ஐ5 நான்கு ஆண்டுக்கும் தாங்கும். சேமிப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி வேண்டும். விவாடோ ஒன்றே பல பத்து ஜிபியை எடுத்துக்கொள்ளும்.

உடல் உறுதி பற்றியும் சொல்ல வேண்டும். குறைந்த விலைக் கணினிகள் பெரும்பாலும் முதலில் உடைவது கீல் பகுதியில். கீலின் திருகுகள் மெல்லிய பிளாஸ்டிக்கில் இறங்கியிருப்பதால், ஒரு மூலையைப் பிடித்துத் திரையைத் திறக்கும் பழக்கம் உள்ளவரிடம் அது சீக்கிரமே விண்டுபோகும். நடுவில் பிடித்துத் திறப்பதும், அடுக்குப்பாத்திரத்தோடும் தண்ணீர்ப் புட்டியோடும் ஒரே பையில் திணிக்காமல் இருப்பதும் ஆயுளைக் கூட்டும். திரை, பக்கவாட்டில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் வகையாக இருந்தால் போதும். வண்ணத் துல்லியத்துக்காக நீங்கள் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

ஆகவே 50,000 ரூபாய் அளவில் 12 அல்லது 13-ஆம் தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5 7530யு, 512 ஜிபி எஸ்எஸ்டி, மாற்றக்கூடிய ரேம் என்று தேடுங்கள். இன்று 16 ஜிபி கைக்கெட்டினால் வாங்குங்கள். எட்டாவிட்டால் 8 ஜிபியோடு தொடங்கி, தேவை வரும்போது இரண்டாவது ரேமைச் செருகிக்கொள்ளுங்கள்.

அந்தத் தொகையும் கூடுதல் என்றால், 35,000 ரூபாய்க்குப் புதிய கணினி வாங்குவதைவிட, அலுவலகங்களில் பயன்படுத்திப் புதுப்பிக்கப்பட்ட கணினியை நான் மதிப்பேன். லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலீட்புக் ஆகியவை புதிதாக வந்தபோது உயர்விலைக் கணினிகளாக இருந்தவை. கீலும் விசைப்பலகையும் உறுதியானவை. திங்க்பேட் டி480 போன்ற மாடல்களில் ரேமுக்கு இரண்டு செருகிடங்கள் உண்டு. ஆனால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-ஐ முறையாக ஏற்கும் இன்டெல் கணினிகள் பொதுவாக 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. ஐ5-7300யு 7-ஆம் தலைமுறை, ஐ5-8350யு 8-ஆம் தலைமுறை. முன்னதில் 2 கோர், பின்னதில் 4 கோர். பழைய கணினியில் விண்டோஸ் 11-ஐ வலிந்து நிறுவி விற்பவர்களும் இருக்கிறார்கள். எனவே திரையில் தெரிவதை நம்பாமல் பிராசசர் எண்ணைப் பாருங்கள். பேட்டரி தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள். ஓராண்டு வாரண்டியை எழுத்தில் தராத கடையில் வாங்காதீர்கள்.

விடுதியில் பின்தங்கிவிடுவேனோ என்ற உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பலரிடம் இதே பயத்தைப் பார்த்திருக்கிறேன். பாடத்தை வைத்துப் பார்த்தால் அதற்கு இடமே இல்லை. முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், அடிப்படை நிரலாக்கம், பொறியியல் வரைபடம் ஆகியவைதான் வரும். பைத்தான் நிரல்களுக்குக் கல்லூரி ஆய்வகம் போதும். விடுதியில் பயிற்சி செய்ய, பிரவுசரில் இயங்கும் கூகுள் கோலாபைக் கைப்பேசியிலேயே திறக்கலாம். லட்ச ரூபாய்க் கணினியும் உங்கள் 50,000 ரூபாய்க் கணினியும் அந்த நிரலுக்கு ஒரே விடையைத்தான் தரும். இசிஇயின் கனமான மென்பொருள்கள் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகே வருகின்றன. எனவே கல்லூரி தொடங்கி ஒரு மாதம் கழித்து, உங்கள் துறையின் மூன்றாமாண்டு மாணவிகளிடம் எந்த மென்பொருள், எந்தக் கணினியில் எப்படி ஓடுகிறது என்று கேட்டுவிட்டு, ஆயுத பூஜை, தீபாவளிச் சலுகை நாள்களில் வாங்குவதே நல்லது. இடையில் கல்லூரி அலுவலகத்தில் ஒன்றை விசாரித்துவிடுங்கள். 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உங்கள் கல்லூரி அதில் அடங்குமா, உங்கள் முறை எப்போது வரும் என்று தெரிந்துகொண்டால், எவ்வளவு செலவிடலாம் என்பதும் தெளிவாகும்.

பணத்தைப் பொறுத்தவரை, அப்பா நகையைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். நகைக்கடனில் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முதலும் வட்டியும் சேர்த்துத் திருப்பவேண்டியிருக்கும். நீங்கள் சம்பாதிக்கத் தொடங்க நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான கணினியை நியாயமான விலையில் வாங்கும் செலவும் அடங்கும். 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்பதில்லை. திருப்பிச் செலுத்துவதும் படிப்பு முடிந்த பிறகே தொடங்கும். தொழிற்படிப்பு மாணவர்களின் பெற்றோருக்கு ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அதுவரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு; அதற்குக் கல்லூரியின் தரச்சான்று முதலிய நிபந்தனைகள் இருக்கின்றன. நீங்கள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவராக இருந்தால், புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதந்தோறும் வரும். ரேம் கூட்டும் செலவுக்கு அதிலிருந்தே ஒதுக்கலாம். கடையில் "வட்டியில்லாத் தவணை" என்று சொன்னால், பிராசசிங் கட்டணமும் வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் தலையில் விழுமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்விக்கடனில் வாங்குவதாக இருந்தால் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி பெரும்பாலும் பணத்தைக் கடைக்கே நேரடியாக அனுப்பும் என்பதால், முதலில் உங்கள் பெயரில் விலைப்புள்ளி வாங்கி, கணினியின் விலையைக் கடன் விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் கையில் கிடைத்தவுடன் கிளை மேலாளரைப் பார்த்துவிடுங்கள்.