மார்கழியில் பழைய ஆயில் இன்ஜினை மீட்பது எப்படி? – கேள்வி பதில்

வேலூர் வட்டாரத்தில் மாடு பூட்டி இறைத்த கமலைக்குப் பின் கிணற்று நீரை இறைத்த பெரிய ஆயில் இன்ஜின்கள் மின்மோட்டார் வந்ததும் அப்படியே விடப்பட்டன. அவற்றை மீட்க விரும்புவோரின் கேள்விகளுக்கு, இவ்வேலையில் நெடுநாள் பழகியவன் என்ற முறையில் பதில் எழுதியுள்ளேன்.

ஐயா, எங்கள் தாத்தா வாங்கிய ரஸ்டன் ஹார்ன்ஸ்பி இன்ஜின் கிணற்று மேட்டில் கிடக்கிறது. பொங்கலுக்குள் வெளியே எடுக்கலாமா? (ஒடுகத்தூர்)

எடுக்கலாம், ஆனால் குளிரைவிட ஈரத்துக்கே நீங்கள் அஞ்ச வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பின் மீது காலைக் காற்றின் ஈரம் படிவதால், கயிறும் பலகையும் பிடிமானமின்றி வழுக்கும். வெயில் ஏறிப் பத்து மணி ஆன பிறகே தூக்கத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மேட்டில் செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டும் முக்காலியின் கால் ஒன்று புதைந்தாலும் இன்ஜின் கிணற்றுப் பக்கம் சாயும் என்பதால், ஒவ்வொரு காலுக்கு அடியிலும் பனந்துண்டு போட்டு, இன்ஜினை முதலில் உருளைக் குழாய்களின் மேல் கிணற்றை விட்டு விலக்கி, அதன் பிறகு தூக்குங்கள். பித்தளைப் பெயர்ப் பலகையில் உள்ள எண்ணை அன்றே எழுதி வையுங்கள். உதிரி பாகம் தேடும்போது அந்த எண்தான் வழி காட்டும். பழைய இரும்புக் கடைக்குப் போகும் இன்ஜின்களில் முதலில் காணாமல் போவதும் அப்பலகைதான்.

பிஸ்டன் சிலிண்டருக்குள் அசையாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. சம்மட்டியால் அடித்தால் விடுமா? (ஆரணி, அரிசி ஆலை)

தயவுசெய்து அடிக்காதீர்கள். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும். டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சம அளவு கலந்து, அந்தக் கலவைப் பாத்திரத்தைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்கி, இன்ஜெக்டரைக் (எரிபொருளைப் பீய்ச்சும் பாகம்) கழற்றிய துளை வழியே சிலிண்டருக்குள் ஊற்றுங்கள். குளிரில் கெட்டியான எண்ணெய் துருவின் இடுக்குகளில் இறங்காது என்பதே சூடாக்கச் சொல்வதற்குக் காரணம். வாரக்கணக்கில் ஊற விட்டு, இறங்கிய அளவை மீண்டும் நிரப்பி, நடுப்பகல் வெயிலில் ஃப்ளைவீலை (இன்ஜினின் கனத்த சுழற்சக்கரம்) இருபுறமும் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைவே இல்லையெனில், வால்வுகள் இரண்டும் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, அதே துளையில் கிரீஸ் பம்பைப் பொருத்தி அழுத்தலாம். கிரீஸ் சுருங்காது என்பதால், பிஸ்டன் நகர்ந்த கணமே அழுத்தம் இறங்கிவிடும். கம்ப்ரஸர் காற்றை ஒருபோதும் செலுத்தாதீர்கள். சுருங்கிய காற்று ஒரே நொடியில் விரிந்து பிஸ்டனையும் ஃப்ளைவீலையும் வெறிகொண்டு தள்ளும். நான் பார்த்த விபத்துகளில் கொடியது அப்படித்தான் நடந்தது.

ஃப்ளைவீலைத் தண்டோடு இறுக்கும் சாவி (ஆப்பு போன்ற இரும்புத் துண்டு) கழன்று வரவில்லை. கேஸ் வெல்டிங் தீ காட்டலாமா? (குடியாத்தம்)

ஒரே இடத்தில் தீ காட்டினால் சக்கரத்தின் நடுக்குடம் விரிசல் விடும். குளிர்ந்த காலை வேளையில் அந்த ஆபத்து இன்னும் அதிகம். சாவியின் தலைக்கும் குடத்துக்கும் இடையில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகி, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். சக்கரம் உருளாதபடி முதலில் கட்டை போடுங்கள்.

புகைக்குழாயில் வெள்ளைக் கயிறு சுற்றியிருக்கிறது. பிய்த்து எறியலாமா? (ஆம்பூர்)

அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆக இருக்கலாம். உலர்ந்த நிலையில் அதைத் தொடாதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆய்வு செய்து பார்க்கும் வரை அதைப் பாலித்தீனால் இறுகச் சுற்றி வையுங்கள்.

என் மகன் கனடாவில் பனியில் கிடக்கும் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கியிருக்கிறான். நம் ஊர் முறை அங்கே பொருந்துமா? (காட்பாடி)

அங்கே முதல் எதிரி தண்ணீர்தான். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவதால், சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்க்கூட்டில் தேங்கிய நீரே இரும்பைப் பிளந்துவிடும். வடிகுழாயைத் திறந்தும் நீர் வரவில்லை என்பதால் உள்ளே ஏதுமில்லை என்று நம்ப வேண்டாம். சேறோ பனிக்கட்டியோ அடைத்திருக்கும். சுடுநீரை ஊற்றாமல், கொட்டகைக்குள் கொண்டுபோய் மூடி, மிதமான சூட்டில் ஓரிரு நாட்கள் உருக விட்டு, கம்பியால் அடைப்பை எடுத்து, பிறகு கூட்டில் நீரை நிரப்பி எங்கேனும் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பம்பு, குழாய் இவற்றில் பனிக்கட்டி இருக்கும் வரை இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றக்கூடாது. விரிசல் தெரிந்தால், சாதாரண வெல்டிங் அதை நீளச் செய்துவிடும் என்பதால், வார்ப்பிரும்பைத் தைப்பதுபோல் ஆணி இறக்கி இணைக்கும் பட்டறையைத் தேடட்டும்.