பவளத் தீவுகளின் கரைகாப்பு: கேள்வி பதில்

கேள்வி: பசிபிக் தீவு நாடான துவாலுவைச் சுற்றி உயரமான சுவர் எழுப்பினால் போதாதா?

பதில்: போதாது. தலைமைத் தீவான ஃபொங்காஃபாலேயின் அடித்தளம் நுண்துளைகள் நிறைந்த பவளப்பாறை என்பதால், ஆண்டின் மிக உயர்ந்த ஓதங்களின்போது கடல்நீர் தரைக்கு அடியிலிருந்தே ஊறி வந்து முற்றங்களில் தேங்குகிறது. இதற்குச் சுவர் என்ன செய்யும்? ஆகவேதான், பசுமைப் பருவநிலை நிதியத்தின் 3.6 கோடி டாலர் உதவியோடு 2017இல் தொடங்கிய திட்டத்தில், தலைநகரான ஃபுனாஃபுட்டியின் காயல் மணலைக் கொண்டு 7 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலத்தை மேடாக உருவாக்கினார்கள்.

கேள்வி: தூண்டில் வளைவுகள் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்புகள்) பயன்படுமா?

பதில்: மணல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அறியாமல் கல்லைக் கொட்டாதீர்கள். இன்னொரு பசிபிக் நாடான கிரிபாட்டியின் தராவாவில் தீவுகளை இணைக்கும் கடல்பாலச் சாலை அமைத்தபின் நீரோட்டம் மாறி, காயலிலிருந்த பைக்மன் என்னும் சிறுதீவு கரைந்துபோனது.

கேள்வி: துவாலுவின் நிலப்பரப்பு கூடியிருப்பதாக 2018இல் ஓர் ஆய்வு வந்ததே? அப்படியானால் இத்தனை அச்சம் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. 1971 முதல் 2014 வரை 101 தீவுகளின் படங்களை ஒப்பிட்ட அவ்வாய்வு, மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதைக் கண்டது. பவளத்திட்டில் வாழும் உயிரினங்களின் ஓடுகளும் உடைந்த பவளமும் மணலாகி, அலைகளால் கரையேறிப் படிகின்றன. ஆனால் பரப்பு கூடுவதாலேயே தரை உயர்ந்துவிடாது, குடிநீரும் கிடைத்துவிடாது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியென்றால் கடல் உயர்வதால் ஆபத்தில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

பதில்: இல்லை. அங்கே கடல்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 3.9 மில்லிமீட்டர் உயர்ந்ததையும் அதே ஆய்வுதான் சொல்கிறது. பாதியை மட்டும் படித்துவிட்டு வாதிட வேண்டாம். தீவு தன்னைத் தானே கட்டிக்கொள்ள உயிருள்ள பவளத்திட்டும், மணல் தடையின்றி நகரும் கரையும் வேண்டும். கரை முழுவதையும் கான்கிரீட்டால் அடைத்தால் அலை கொண்டுவரும் மணல் உள்ளே ஏறாது. ஆய்வை நம்புகிறவர்தான் முதலில் சுவரை எதிர்க்க வேண்டும்.

கேள்வி: துவாலு எந்த ஆண்டு மூழ்கும்?

பதில்: இதே கேள்வியைப் பலர் அனுப்பியிருக்கிறீர்கள், ஆண்டு சொல்வது சோதிடர் வேலை. மூழ்குவதற்கு வெகுமுன்பே தண்ணீர் தீரலாம்: மழைநீர்த் தொட்டிகளை நம்பி வாழும் அந்நாடு, 2011 வறட்சியில் நெருக்கடிநிலை அறிவித்தது.

கேள்வி: ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 280 துவாலு மக்களை ஏற்கிறதாமே, எப்படி விண்ணப்பிப்பது?

பதில்: ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையைக் கேளுங்கள்.

கேள்வி: மாலத்தீவின் தலைநகரான மாலேயைச் சுவர்தானே காப்பாற்றுகிறது?

பதில்: காப்பாற்றுகிறது. ஆனால் அலையை உடைத்துவந்த பவளத்திட்டின் மேலேயே நிலத்தை நிரப்பி நகரை விரித்தபின் 1987இல் பேரலைகள் ஊருக்குள் புகுந்தன. அதன்பிறகே ஜப்பானிய உதவியுடன் அலைத்தடுப்புகள் எழுந்தன. இயற்கை இலவசமாகச் செய்த வேலையைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள், அதுவும் ஒரு தீவுக்கு. மக்கள் வாழும் மற்றத் தீவுகள் நூற்றுக்கும் மேல். அத்தனைக்கும் இதே சுவரை யார் பணத்தில் கட்டுவது?