உக்கு, உருக்கு, உக்கி

ஐயா, எங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம். பால் பொங்கினால் பாட்டி "ஹாலு உக்கித்து" என்பார். பள்ளியில் உக்கி போடச் சொன்னார்கள். உக்கிப்போன கட்டை என்றால் மக்கிய கட்டை. தெலுங்கில் உக்கு என்றால் எஃகு. எல்லாம் ஒரே வேரா? இந்திய எஃகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'வூட்ஸ்' என்ற பெயர் கன்னடச் சொல் என்கிறார் மாமா, தமிழ் என்கிறான் நண்பன். சேலம் என்பது சைலமா?
– வாசகர், அம்மாபேட்டை

அன்புள்ள தம்பி,

சைலத்தை விடுங்கள், அதற்குப் பட்டிமன்றங்கள் இருக்கின்றன. சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையின் இரும்பைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது, அதனால்தான் இந்தப் பதில்.

ஒலி ஒன்றானால் வேர் ஒன்றாகிவிடாது. பழங்கன்னடத்தில் பொங்குவதும் உர்க்கு, எஃகும் உர்க்கு. ரகரம் தேய்ந்து இரண்டும் உக்கு ஆயின. எஃகைக் குறிப்பது நம் 'உருக்கு'க்கு உடன்பிறப்பு. மக்குவதையும் தோப்புக்கரணத்தையும் இதில் இழுக்காதீர்கள். 1966இல் விசாகப்பட்டினத்தில் எழுந்த 'விசாக உக்கு, ஆந்த்ருல ஹக்கு' (விசாக எஃகு, ஆந்திரர் உரிமை) முழக்கத்தில் உக்கு திராவிடம், ஹக்கு அரபி. சண்டையில்லாமல் எதுகையாக உட்கார்ந்திருக்கின்றன! 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் 'வூட்ஸ்' பற்றி ஜார்ஜ் பியர்சன் கட்டுரை படித்தபோதும் மாமா கட்சி, நண்பன் கட்சி என்று யாரும் பிரியவில்லை.

சொல்லுக்கு உரிமை கேட்பவர்களுக்குப் பண்டத்தைத் தெரிவதில்லை, அதுதான் எரிச்சல். நாட்டு உலையில் இரும்பு உருகாது. கடற்பஞ்சுபோல் கட்டியாகத்தான் வரும், அடித்துக் கிட்டம் என்ற கசடை நீக்க வேண்டும். உருகியது மூசை என்ற களிமண் குப்பிக்குள் மட்டுமே. உருக்கு என்ற பெயருக்குப் பொருள் அங்கேதான். அடித்த இரும்பு கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை, அதில் பத்தில் ஒரு பங்கு ஆவாரங்கட்டைத் துண்டுகள், மேலே ஓரிரு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அழுத்தி அடைக்க வேண்டும். காற்று புகுந்தால் கட்டை எரிந்து வீணாகும், கரி இரும்பில் ஏறாது. இருபதுக்குமேல் மூசைகளை வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊத வேண்டும். ஆறியபின் உடைத்துப் பார்த்தால் கட்டியின் தலையில் நடுவிலிருந்து கதிர்போல் கோடுகள் ஓடும், அது நல்ல உருக்கு. தேன்கூடுபோல் துளையும் மேடுமாக இருந்தால் அரைகுறையாக உருகியது.

அடிப்பதிலும் பதம் உண்டு. இதில் கரி ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் மென்னிரும்புக்குப் பழகிய வெண்சூட்டில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள், துண்டு துண்டாகச் சிதறியது. அந்த ஒரு இடத்தில் மட்டும் 'உக்கு உக்கிப்போச்சு' என்று நீங்கள் சொல்லலாம். இந்த உருக்கை மங்கிய சிவப்பில்தான் அடிக்க வேண்டும், சூடு தணியத் தணியத் திரும்ப உலையில் வைத்து.