லேபிளில் எழுத்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வீட்டிலேயே பாத்திரம் துலக்கும் திரவம் தயாரித்து, 500 மி.லி. பாட்டில்களில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். டி.டி.பி. மையத்தில் செய்து வாங்கிய லேபிள் கணினித் திரையில் அழகாக இருந்தது. பாட்டிலில் ஒட்டியபின் பெயரைத் தவிர எதையும் வாசிக்க முடியவில்லை. நிகர அளவைக் காட்டும் எண்ணின் உயரம் 4 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். "ஆறு பாயிண்ட் வைத்திருக்கிறேன், அது போதும்" என்கிறார் லேபிள் செய்தவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரி. மில்லிமீட்டரும் பாயிண்டும் வெவ்வேறு அளவுகள் என்பதை லேபிள் செய்தவர் மறந்துவிட்டார். ஒரு பாயிண்ட் என்பது ஏறத்தாழ 0.35 மி.மீ. அதுவும் எண்ணின் உயரத்தைக் குறிப்பதன்று. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் அந்த எழுத்தைத் தாங்கிய கட்டையின் உயரத்தைக் குறித்த அளவு அப்படியே கணினிக்கும் வந்துவிட்டது. பெரும்பாலான எழுத்துருக்களில் அந்த உயரத்தில் பத்தில் ஏழு பங்கைத்தான் எண் நிரப்புகிறது. ஆகவே ஏரியல் எழுத்துருவில் 4 மி.மீ. உயர எண் வேண்டுமானால் 16 பாயிண்ட் வைக்க வேண்டும். ஆறு பாயிண்டில் கிடைப்பது ஒன்றரை மில்லிமீட்டர் எண்தான்.

பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011ஆம் ஆண்டில் வந்தவை. பின்னர் அவற்றில் திருத்தங்களும் செய்யப்பட்டன. இப்போதைய கணக்குப்படி, 50 கிராம் அல்லது மில்லிலிட்டர் வரையுள்ள பொருளுக்கு எண்ணின் குறைந்தபட்ச உயரம் 1 மி.மீ., 200 வரை 2 மி.மீ., ஒரு கிலோ அல்லது ஒரு லிட்டர் வரை 4 மி.மீ., அதற்கு மேல் 6 மி.மீ. எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி இடம் மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. எழுத்தின் அகலம் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

லேபிள் செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது வெற்றிடம் பற்றிய விதியை. நிகர அளவைக் குறிக்கும் வரிக்கு மேலும் கீழும் அந்த எண்ணின் உயரத்துக்குச் சமமான இடமும், இடப்புறமும் வலப்புறமும் அதன் இரு மடங்கு இடமும் எந்த அச்சும் இல்லாமல் விடப்பட வேண்டும். உங்கள் லேபிளில் "500 மி.லி." என்பதை ஆங்கிலத்தில் 16 பாயிண்டில் வைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 17 மி.மீ. வரும். இருபுறமும் எட்டு எட்டு மில்லிமீட்டரும், மேலும் கீழும் நான்கு நான்கும் சேர்த்தால் 33க்கு 12 மி.மீ. கொண்ட ஒரு கட்டம் தேவைப்படுகிறது. எலுமிச்சம்பழப் படம், நுரைக் குமிழி, "புதியது" என்ற நட்சத்திரம் எல்லாவற்றையும் வைத்து முடித்தபின் இவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? கட்டாயத் தகவல்களுக்கு மிஞ்சிய இடத்தைக் கொடுக்கும் பழக்கம்தான் நம் ஊர் லேபிள்களின் தலையாய கோளாறு என்பது என் கருத்து. அந்த 33க்கு 12 கட்டத்தை முதலில் வரைந்துகொண்டு, பிறகு படத்தைத் தேடுமாறு லேபிள் செய்பவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது உருண்டைப் பாட்டிலின் சிக்கல். ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு 22 செ.மீ. எதிரில் நிற்பவர் கண்ணில் அதில் பாதி பட்டாலும், ஓரங்கள் வளைந்து விலகுவதால் வாசிக்க உதவுவது நடுவிலுள்ள ஏழு சென்டிமீட்டர் மட்டுமே. பெயர், என்ன பொருள், எவ்வளவு என்ற மூன்றும் அந்த ஏழு சென்டிமீட்டருக்குள் வந்துவிட வேண்டும். இவற்றில் "என்ன பொருள்" என்பதைப் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தில் வையுங்கள். பெரிய எலுமிச்சம்பழமும் பொடி எழுத்தில் "பாத்திரம் துலக்க" என்பதும் இருக்கும் பாட்டிலைச் சர்பத் என்று ஒரு குழந்தை நினைத்தால், குற்றம் குழந்தையுடையதன்று.

பின்பக்கத்தில் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, ஓர் அலகுக்கான (கிராம், மி.லி. போன்றவற்றுக்கான) விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை வருகின்றன. இவற்றை நடுவாக அடுக்காமல் இடது ஓரத்தில் நேராக நிறுத்துங்கள்; ஒவ்வொரு வரியும் வெவ்வேறு இடத்தில் தொடங்கினால் தேடும் கண் தடுமாறும். தேதியும் விலையும் பிறகு முத்திரையிடப் போகிறீர்கள் என்றால், அந்தக் கட்டத்தை வெள்ளையாகவும் வார்னிஷ் படாமலும் விடச் சொல்லுங்கள். பளபளப்பின் மேல் வைத்த முத்திரை மை ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். விலையை மாற்ற மேலே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். விலையைக் குறைப்பதற்கு மட்டுமே அதற்கு அனுமதி உண்டு. அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது.

இனி புரூஃப் (மாதிரிப் படி) வரும்போது திரையில் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். உண்மை அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டுப் பாட்டிலில் சுற்றி, கை நீட்டும் தூரத்தில் வைத்து வாசித்துவிட்டு, எண்களை அளவுகோலால் அளந்து பாருங்கள்.

கேள்வி: நாங்கள் ஊதுபத்தி தயாரிக்கிறோம். பெட்டியில் ஆங்கிலமே இல்லாமல் முழுவதும் தமிழில் அச்சிடலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கட்டாயத் தகவல்களைத் தமிழில் மட்டும் தருவது விதிப்படி போதாது. அவை தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். அவற்றோடு கூடுதலாக வேறு எந்த மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டாயத் தகவல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் நிற்கட்டும், மற்ற எல்லாம் தமிழில் வரலாம். நம் கடைகளில் காணும் வழக்கமோ தலைகீழாக இருக்கிறது: வணிகப் பெயர் மட்டும் பெரிய தமிழில் இருக்கும், "எரியும் பத்தியைத் திரைச்சீலைக்கு அருகில் வைக்காதீர்கள்" என்பது போன்ற எச்சரிக்கை பொடி ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மிகவும் தேவைப்படும் இடம் அந்த எச்சரிக்கைதான்.

கேள்வி: நான் டி.டி.பி. தொழிலில் இருக்கிறேன். கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து வைத்த ஒரு லேபிளில் புள்ளிகள் அடைபட்டு, "க்" எல்லாம் "க" ஆகிவிட்டன. ஓரிடத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அச்சகத்தார் கோப்பின் மேல் பழி போடுகிறார்கள். எங்கே தவறு நேர்கிறது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவதில் அச்சகத்துக்கும் கோப்புக்கும் பங்கு உண்டு. இரண்டாவது முழுக்கக் கோப்பின் தவறு.

கரும்பச்சை என்பது நீலம், மஞ்சள், சிறிது கறுப்பு ஆகிய மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உண்டாகும் நிறம். வெள்ளை எழுத்து என்பது தாளின் வெறுமை; ஆகவே ஒவ்வொரு மைக்கும் உரிய பிளேட்டிலும் (அச்சுத் தகட்டிலும்) அந்த எழுத்தின் துளை அதே இடத்தில் அமைய வேண்டும். ரிஜிஸ்டர், அதாவது பிளேட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும் அமைப்பு, ஒரு மயிரிழை விலகினாலும் ஒரு மை மற்றொன்றின் துளைக்குள் எட்டிப் பார்க்கும். அதோடு, மை எப்போதும் சற்றுப் பரவும் இயல்புடையது. கறுப்பு எழுத்தில் அந்தப் பரவல் எழுத்தைத் தடிப்பாக்கும். வெள்ளை எழுத்தில் எழுத்தையே தின்றுவிடும். ஆங்கிலத்தில் இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் எழுத்து மெலிவதோடு நின்றுவிடும். தமிழிலோ மெய்க்கும் உயிர்மெய்க்கும் வேறுபாடே ஒரு புள்ளிதான். அது அடைபட்டால் சொல் மாறிவிடுகிறது. ண, ஞ, இ, ஐ ஆகியவற்றின் சுழிகளுக்கும் இதே கதிதான். வெள்ளைத் தமிழ் எழுத்தை எட்டுப் பாயிண்டுக்குக் கீழே நான் வைப்பதில்லை. பச்சையைத் தனி மையாக, ஒரே பிளேட்டில் அடிக்கச் சொன்னாலும் பாதிச் சிக்கல் தீரும். சிறிய எழுத்துகளை வெள்ளைத் தரையில் தனிக் கறுப்பு மையில் வைப்பதே எல்லாவற்றிலும் பத்திரமானது.

எழுத்தைச் சுற்றிக் கோடு கொடுத்துத் தடிப்பாக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தக் கோடு உள்ளேயும் வளர்ந்து சுழிகளை அடைக்கும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச உரிம எழுத்துருக்களில் தடித்த வடிவங்கள் தனியாகவே வரையப்பட்டிருக்கின்றன. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால், ஒரு வரியை எடுப்பாகக் காட்ட நம்மிடம் இருப்பவை அளவு, தடிப்பு, நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவை மட்டுமே. இவற்றில் வெற்றிடத்துக்குக் காசு செலவில்லை.

வரி இடைவெளியைக் கோரல் டிராவோ வேறு மென்பொருளோ தானாக வைப்பதற்கு விட்டுவிடக் கூடாது. எழுத்தளவில் 120 விழுக்காடு என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் மேல்வரியின் "கூ", "ரு" ஆகியவற்றின் கீழ்வளைவும் கீழ்வரியின் "கீ", "ன்" ஆகியவற்றின் மேற்பகுதியும் ஒன்றையொன்று முட்டும். 140 முதல் 150 வரை வைத்தால் மூச்சு விடலாம். எழுத்துகளுக்கு இடையே தூரத்தை அகட்டி அழகு பார்ப்பதும் தமிழுக்கு ஒத்துவராது. "கொ" என்பது கொம்பும் ககரமும் காலும் சேர்ந்த ஓர் எழுத்து, அகட்டினால் அது மூன்று துண்டாகிவிடும். ஒடுக்கமான பத்தியை இருபுறமும் சமன்செய்யவும் வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை. "குழந்தைகளுக்கு" என்ற ஒரே சொல் வரியை நிரப்ப, அடுத்த வரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளம் விழும்.

கொம்பு இடம் மாறியதற்கு வருவோம். கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அடோபி மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த வேலை நடக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழு லேபிளும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்சி தரும். எதில் செய்தாலும் அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றுங்கள், திருத்தக்கூடிய பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், கர்வாக மாற்றியபின் லேபிளைச் செய்யாத ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களைச் சில பழைய நிறுவனங்கள் தங்கள் பெயரில் இன்னும் காத்து வருகின்றன. பெயரில் அது அழகுதான். பயன்படுத்தும் முறையிலும் அதையே வைத்தால் இன்றைய பிள்ளைகளால் வாசிக்க இயலாது.

கேள்வி: எங்கள் சோப்புத்தூள் உறையில் பார்கோடைச் சிவப்பில் அச்சிட்டோம். கடையில் ஸ்கேன் ஆகவில்லை. ஏன்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலான கடைக் கருவிகளின் ஒளி சிவப்பு. அந்த ஒளியில் சிவப்புக் கோடு வெள்ளைத் தாளிலிருந்து பிரிந்து தெரியாது. கோடுகள் கறுப்பாகவும் தரை வெள்ளையாகவும் இருப்பதே நல்லது. 13 இலக்கக் குறியீட்டின் இயல்பான அளவு, இருபுற வெற்றிடமும் சேர்த்து, 37.29க்கு 25.93 மி.மீ. அதை 80 விழுக்காடு வரை சுருக்கலாம். ஓர வெற்றிடத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது. சிறிய உருண்டைப் பாட்டிலில் வைப்பதானால் கோடுகள் ஏணிப்படி போலக் கிடையாக வரும்படி திருப்பி வையுங்கள், வளைவில் கோடுகள் மறையாது.

கேள்வி: எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பூச்சிமருந்து டப்பாவின் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டும் வாசிக்க முடிவதில்லை. எதைப் பார்த்து எச்சரிக்கையாக இருப்பது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அதற்கு லேபிளின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தை ஒதுக்கியிருக்கின்றன. அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சின் கடுமையைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், எல்லாவற்றிலும் குறைந்தது பச்சை. சிவப்பில் மேல்பாதியில் மண்டையோடும் எலும்புகளும் நஞ்சு என்ற சொல்லும் இருக்கும்; மஞ்சளில் அந்தச் சொல் மட்டும் இருக்கும். பச்சை என்றாலும் அது நஞ்சுதான். குழந்தைகளுக்கு எட்டாமலும் சமையல் பொருட்களோடு சேராமலும் வைக்க வேண்டும். நிறத்தோடு சொல்லையும் படத்தையும் சேர்த்து வைத்தது அறிவுள்ள ஏற்பாடு, ஏனென்றால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு நிறம் மட்டும் உதவாது. உணவுப் பொட்டலங்களில் அசைவக் குறியைப் பழுப்பு வட்டத்திலிருந்து பழுப்பு முக்கோணமாக மாற்றியதும் இதே காரணத்தால்தான்.

மற்ற விவரங்களுக்குக் கைப்பேசி கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பளபளப்பான லேபிளைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஒளி விலகும். தேதி முன்பக்கம் இல்லையென்றால் கழுத்திலோ அடியிலோ புள்ளி எழுத்தில் இருக்கும். விலையும் நிகர அளவும் பின்னணியிலிருந்து எடுப்பாகப் பிரிந்து தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. அப்படி இல்லாத லேபிளைக் கண்டால், அதிலுள்ள நுகர்வோர் தொடர்பு எண்ணில் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், தமிழ்நாட்டில் சட்டமுறை எடையளவைக் கவனிக்கும் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் டப்பாவோடு போய் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.