பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே லிவர்பூல் உதைபந்தாட்ட அணியின் ரசிகன். லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன், டிக்கெட் விலை கட்டாது என்று மட்சுக்குப் போவதையே விட்டுவிட்டார். பழைய மைதானங்களும் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போகின்றன. ரசிகர்கள் பதாகை பிடித்தால், 'பந்தைப் பார், அரசியல் பேசாதே' என்கிறார்கள். அங்கே ஒருமுறைகூடப் போகாத எனக்கு இதிலெல்லாம் கோபப்பட உரிமை உண்டா?

அன்புள்ள தம்பி,

என்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டா கோபப்படப் போகிறாய்? தாராளமாகப் படு. அரசியல் பேசாதே என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மைதானம் மாறுவதிலும் எனக்குப் பெரிய துக்கம் இல்லை. லிவர்பூல் நகரத்தின் மற்ற அணியான எவர்டன் 1892 முதல் ஆடிய குடிசன் பார்க் மைதானத்தை 2025இல் விட்டுப் போனது. இப்போது அவர்களுடைய பெண்கள் அணி அங்கே ஆடுகிறது. ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேரைப் பறிகொடுத்த உன் அணிக்காரர்களிடம் கேட்டுப் பார், பழசு என்பதற்காக எதையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

விலை வேறு கதை. 2016 பெப்ரவரியில், 77 பவுண் டிக்கெட் வரப்போகிறது என்றதும், சண்டர்லண்டுடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் லிவர்பூல் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். வெல்லுகிற நேரத்தில் எழுந்து போவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

ஆனால் 2024 கடைசியில் மன்செஸ்டர் யுனைட்டட் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. மிச்சம் இருந்த டிக்கெட்டுகளை 66 பவுணாக்கி, சிறுவருக்கும் முதியவருக்கும் இருந்த சலுகையையும் எடுத்துவிட்டார்கள். கிழவனையும் பொடியனையும் வெளியே நிறுத்திவிட்டு யாருக்கு ஆடிக் காட்டப் போகிறார்கள்? பந்து பார்ப்பதை யாரும் தனியாகப் படிப்பதில்லை. நம்ம திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் எனக்கு ஓப்சைட் விதியைச் சொல்லித் தந்தவர் முன்பின் தெரியாத ஒரு கிண்ணியாக்காரர். தன் ஊர் அணிக்குக் கத்தக் கத்தத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற நான் விளங்காமல் விழிப்பதைக் கண்டு குந்தி, கச்சான் கோதுகளை மண்ணில் வரிசையாக வைத்து, ஒரு கோதை விரலால் தள்ளி, "இப்ப இவன் பிழை" என்றார். 2009இல் பாலம் வரும்வரை கிண்ணியாவுக்குப் பாதை என்கிற மிதவைப் படகில்தான் போகவேண்டும். ஆட்டம் இழுபட்டால் கிண்ணியாக்காரர்கள் ஒரு கண்ணால் மைதானத்தையும் மறு கண்ணால் நேரத்தையும் பார்த்துத் தவிப்பார்கள். அன்று அந்த மனிதர் கடைசிக் கோலைப் பார்க்காமலே ஓடினார். அது எங்கள் கோல், அதனால் அவருக்கு நட்டமில்லை.

நீ இரவு 1.30க்கு அலாரம் வைத்து எழும்பி லிவர்பூல் பார்க்கிறவன். அதே நாள் பின்னேரம் 4 மணிக்கு ஏகாம்பரத்தில் ஆட்டம் என்றால் வெயில் என்று படுத்துக்கிடப்பாய். வெட்கமாக இல்லையா? லிவர்பூலின் ஆன்பீல்ட் மைதானத்து டிக்கெட் விலையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு, தன் ஊர் அணியில் கோல் காப்பவன் யாரென்று தெரியவில்லை.

லண்டன் அண்ணனிடமும் சொல். டல்விச் ஹம்லெட் மாதிரிக் கீழ் லீக் அணிகள் அங்கே நிறைய இருக்கின்றன, விலையும் எவ்வளவோ குறைவு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகட்டும். நீ உன் அக்கா மகனை ஏகாம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு எனக்கு எழுது.