ஒட்டுப்பால்

அன்புள்ள அண்ணன்,

நாகர்கோவிலில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். என் ஆபீஸ், என் வேலை என்றே இருந்தவன். போன மாதம் ரொக்கத்தில் கொஞ்சம் இடித்தது. புது மேலாளர் எல்லார் முன்னாலும் என் பையைத் திறந்து காட்டச் சொன்னார். மறுநாளே அது கூட்டல் பிழை என்று தெரிந்தது. இப்போதும் நேரத்துக்குப் போகிறேன், வேலையை முடிக்கிறேன். ஆனால் புதுப் பையன்கள் தப்பாகப் பதிவதைப் பார்த்தாலும் வாய் திறப்பதில்லை. எனக்குச் சின்னப் புத்தி வந்துவிட்டதா?

(பெயர் வேண்டாம்), தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

சின்னப் புத்தி என்று நான் சொல்லமாட்டேன். என் மாமா குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பட்டை வெட்டிப் பால் எடுத்தார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். கத்தி பட்டைக்குள் இறங்க வேண்டும், ஆனால் தடியைத் தொடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது உள்ளே மிஞ்ச வேண்டும். தடியில் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்ட வரும்போதுதான் அதன் நஷ்டம் தெரியும்.

ஒருநாள் முதலாளி, ஒட்டுப்பால் எடை குறைகிறது என்று மாமாவின் சாக்கை அவிழ்க்கச் சொன்னார். சிரட்டையில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் பால், அதற்கு! மறுநாளும் மாமா போனார், அதே சுத்தமாக வெட்டினார். ஆனால் எந்த மரத்தில் பால் வற்றுகிறது, எதற்கு ஓய்வு கொடுக்கலாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

மனம் முறிந்தால் முதலில் போவது இதுதான், சம்பளத்தில் சேராத உதவி. டென்னிஸ் ஆர்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். மறுவருடம் ஜான் பியர்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் இன்னொன்றைப் பிரித்துக் காட்டினார்கள்: ஒருவரின் பொதுவான தன்மதிப்பு வேறு, ‘இந்த இடத்துக்கு நான் வேண்டியவன்’ என்ற எண்ணம் வேறு. பின்னது, அந்த இடம் நம்மை நடத்தும் விதத்தில் ஊறுவது. உங்களுக்கு அடிபட்டது அங்கேதான். ஆபீஸோடு ஒட்டாமல் வேலை பார்ப்பவன் என்றால் டீக்கடையில் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பான்.

பையன்கள் விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. உங்கள் மௌனம் மேலாளரைச் சுடாது. அடுத்து திறக்கப்படுவது அந்தப் பையன்களின் பை. மேலாளரிடம் பேச வேண்டியதைப் பேசுங்கள். அறைக்குள் வேண்டாம், உங்கள் பையைத் திறக்கச் சொன்ன அதே இடத்தில்.

சரி, மாமா கதை. மூணு மாதம் கழித்து முதலாளி, “பால் ஏன் குறையுது?” என்றார். “சாக்க அவுத்துப் பாத்தீங்கல்லா, மரத்தையும் பாருங்க” என்றாராம் மாமா. முதலாளி பதில் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒட்டுப்பாலை எடை போட்டுத் தரும்படி மாமாவிடமே சொன்னார்.