அம்மிணி சினிமா விமர்சனமே படிக்கட்டும்

மகள் பிளஸ் ஒன் வந்துவிட்டாள், ஆங்கில முன்னொட்டு, பின்னொட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால் போனில் சினிமா விமர்சனமும் டூர் கட்டுரையும் படிக்கிறாள் என்று வருத்தப்பட்டீர்கள், அக்கா. ஆங்கிலத்தில்தானே படிக்கிறாள்? அப்படியானால் போனைப் பிடுங்காதீர்கள்.

என் முன்னால் உட்கார்ந்து அன், டிஸ், மிஸ், ரீ என்று பட்டியலைப் பிழையில்லாமல் ஒப்பித்தாள். 'அன்ஃபர்கெட்டபிள்' என்ற சொல்லைக் காட்டினேன், முழித்தாள். முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் விரலால் மறைத்தேன். நடுவில் 'ஃபர்கெட்' மட்டும் தெரிந்தது. "மறக்க முடியாததுங்களா, சார்?" என்றாள். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

இது அவளுக்குப் பழகின வேலைதான். தமிழ்ப் பாடத்தில் பகுதி, விகுதி பிரித்தவள் அவள். நன்னூல் தந்த பவணந்தியாரே நம் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்பார்கள். மரம் 'கள்'ளோடு சேர்ந்தால் மரங்கள் ஆகிறதல்லவா? அதே மாதிரிதான் 'இல்லை' என்று பொருள் தரும் 'இன்' என்ற முன்னொட்டு 'பாஸிபிள்' முன்னால் 'இம்' ஆகும், 'ரெகுலர்' முன்னால் 'இர்', 'லீகல்' முன்னால் 'இல்'. வாய்க்குச் சுலபமாக வரவேண்டும் என்பதுதான் காரணம்.

முதலில் கட்டுரையை ருசிக்காகப் படிக்கட்டும். இரண்டாம் முறை பென்சிலோடு உட்காரட்டும், 5 சொல் பிரித்தால் போதும். விமர்சனத்தில் டைரக்ட், டைரக்டர், டைரக்‌ஷன் மூன்றும் வரும். செய்வது, செய்கிற ஆள், செய்த வேலை என்று பின்னொட்டே சொல்லிவிடும். பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்ப இதுதான் கைகொடுக்கும். ஊட்டியில் ரூம் போடும் பக்கத்தில் 'நான்-ரீஃபண்டபிள்' என்று இருக்கும். அதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் கட்டின பணம் போச்சு!

சில சொற்கள் ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். 'அங்கிள்' என்பதில் 'அன்' முன்னொட்டு கிடையாது. 'ப்ரைஸ்லெஸ்' என்றால் விலையே இல்லாதது என்று நினைப்பாள், விலைமதிப்பற்றது என்று அர்த்தம். டேங்கர் லாரியில் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' தீப்பிடிக்காதது இல்லை, சட்டென்று பற்றிக்கொள்வது. அதனால்தான் பிரித்துப் பார்த்து ஊகித்த பிறகும், அந்த வரியில் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும், அப்புறம் அகராதி.

வேலைக்கு உதவுமா என்று கேட்டீர்கள். நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கில் இருக்கிறீர்கள். அன்ஈவன், மிஸ்பிரிண்ட், ரீவொர்க் என்று நாள் முழுக்கச் சொல்வது நீங்கள்தானே? ப்ரீ-ப்ரொடக்‌ஷன் சாம்பிள் என்றால் உற்பத்திக்கு முன்னால் அனுப்புவது என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நாளைக்கு அவள் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக உட்கார்ந்தால், துணி வாங்கும் பையர் மெயிலில் வருவதும் இதே சொற்கள்தான்.

இன்று சாயங்காலம் சாயம் திட்டுத்திட்டாக ஏறின துணி ஒன்றை அவள் முன்னால் விரித்து, 'அன்ஈவன்' என்றால் என்ன என்று நீங்களே காட்டுங்கள், அக்கா.